விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், மறுவெளியீடுகளின்போதும் ஆண்டு நிறைவுகளின்போதும், ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: 'இது தமிழின் காட்ஃபாதர்'. சொல்பவர் புகழ்ச்சியாகச் சொல்வார். மறுப்பவரோ, தழுவலா மூலமா என்ற பழைய வழக்கைத் திறந்து வைத்துக்கொள்வார். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பதே நம் வாதம். 'காட்ஃபாதர்' எதைப் பற்றிய படமோ அதை 'நாயகன்' தொடவேயில்லை. வெள்ளைச் சட்டை, கன்னத்துச் சதை, தாழ்ந்த குரல், மனுக்கொடுக்க வரும் எளியவர்கள் ஆகிய புறத்தோற்றங்களெல்லாம் கடல் கடந்து வந்தன. உள்ளே இருந்த கேள்வி மட்டும் வரவில்லை. வராமல் போனது தற்செயலும் அன்று. அக்கேள்வியைக் கேட்க நமக்கு விருப்பமில்லை.

அக்கேள்வி இதுதான்: சட்டத்தை நம்ப முடியாத இடத்தில் மனிதன் யாரை நம்புவது?

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'காட்ஃபாதர்' (1972) தொடங்குவதே பொய்த்துப்போன ஒரு நம்பிக்கையில்தான். ஈமச்சடங்குத் தொழில் செய்யும் போனசேரா அமெரிக்காவை நம்பியவர். மகளைச் சிதைத்தவர்களுக்கு நீதிமன்றம் தண்டனை தரும் என்று நம்பிக் காவல்துறைக்குப் போனவர். அது நடக்காதபோது விட்டோ கார்லியோனின் இருட்டறைக்கு வந்து நிற்கிறார். அரசிடம் வைத்த நம்பிக்கையைத் தனியாரிடம் மாற்றி வைக்கும் இந்தக் காட்சி, படத்தின் முழுப் பொருளையும் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது. இத்தாலியச் சமூகவியலாளர் தியேகோ கம்பேட்டா, சிசிலி மாஃபியா பற்றி 1993இல் வெளியிட்ட நூலில், மாஃபியா என்பது பாதுகாப்பை விற்கும் ஒரு தொழில் என்று வாதிட்டார். அவநம்பிக்கை நிலவும் சமூகத்தில்தான் அச்சரக்கு விலைபோகும். ஆகவே அவநம்பிக்கை தீராமல் பார்த்துக்கொள்வதும் அத்தொழிலின் தேவையாகிவிடுகிறது.

இதன்பின் படம் முழுவதும் நடப்பது ஒன்றே. நம்பிக்கை எங்கெங்கே வைக்கப்பட்டதோ அங்கெல்லாம் இடிகிறது. விட்டோ சுடப்படும் நாளில் வண்டியோட்டி பௌலி உடல்நலமில்லை என்று வராமலிருக்கிறான். சிசிலியில் மைக்கேலுக்குக் காவலாக நின்ற ஃபாப்ரிஸியோவே காரில் வெடிகுண்டு வைக்கிறான். மூத்தவன் சன்னியைச் சாவின் வழிக்கு இழுத்தவன் சொந்தத் தங்கையின் கணவன் கார்லோ. ஓய்ந்துவிட்ட கிழவர் விட்டோ மகனுக்குத் தரும் கடைசி அறிவுரையும் இதைப் பற்றியதுதான். பகைவனோடு சமரசம் பேசலாம் என்று எவன் வருகிறானோ அவனே துரோகி. அவன் நீ முழுமையாக நம்பும் ஒருவனாகத்தான் இருப்பான் என்கிறார். வந்தவன் டெஸ்ஸியோ. ஆண்டுக்கணக்கில் உடனிருந்தவன். பிடிபட்டபோது அவன் அழுவதில்லை. இது தொழில் சம்பந்தப்பட்டதுதான், மைக்கேல்மேல் தனக்கு வெறுப்பில்லை என்று சொல்லியனுப்புகிறான். அவன் சொல்வது பொய்யன்று என்பதே அந்தக் காட்சியின் கொடுமை.

ஆயினும் படத்தின் மிகப்பெரிய துரோகி டெஸ்ஸியோ அல்லன். தங்கை மகனுக்கு ஞானத்தந்தையாகக் கோயிலில் நின்று, அன்றே அக்குழந்தையின் தகப்பனைக் கொல்லச் செய்பவன் மைக்கேல். உன்னைக் கொன்று என் தங்கையை விதவையாக்குவேனா என்று தேற்றி, கார்லோவின் வாயிலிருந்து ஒப்புதலை வாங்கிக்கொண்டு, பிறகே வண்டியில் ஏற்றுகிறான். மனைவி நேருக்கு நேர் கேட்கும்போது கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறான். இரண்டாம் பாகத்தில் (1974) தாயின் சவப்பெட்டியருகே அண்ணன் ஃப்ரெடோவைக் கட்டித் தழுவுகிறான். பின்னர் ஏரிப் படகில் அவன் கதையை முடிக்கச் செய்கிறான். துரோகத்தைக் கண்டறியும் கலையில் தேர்ந்தவன், நம்பத் தகுதியற்ற மனிதர்களிலெல்லாம் முதல்வனாகிறான். தலைவனை நம்பலாமா என்ற கேள்வியில் வந்து முடிகிற படம் அது.

'நாயகன்' இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது. தூத்துக்குடியில் அது தொடங்கும் விதம் அபாரமானது. விடுவிக்கப்பட்டதை நம்பித் தந்தையிடம் ஓடும் சிறுவனின் பின்னாலேயே காவல்துறை வருகிறது, தந்தை சாகிறார். பொய்த்த நம்பிக்கையின் வழியாகக் குழந்தையைக் கொலைகாரனாக்கும் இந்தத் தொடக்கம், போனசேராவின் காட்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் பம்பாய் வந்ததும் படம் இந்த நூலை விட்டுவிடுகிறது. செல்வமும் அய்யரும் கடைசி வரை நிழல்கள். காவல்துறை எவ்வளவு நெருக்கினாலும் தாராவி வாய் திறப்பதில்லை. வேலு நாயக்கரின் நெருங்கிய வட்டத்தில் ஒரு டெஸ்ஸியோ இல்லை. டெஸ்ஸியோவாகும் ஆசை ஒரு கணமாவது எவருக்கேனும் எழுந்ததாகவும் தெரியவில்லை. பணமும் அதிகாரமும் புழங்கும் ஓரிடத்தில் இத்தனை ஆண்டுகள் எவருக்கும் சலனமே வரவில்லை என்றால் அது மனிதர்களின் கதையாகுமா?

வேலுவைச் சுடுவது யார் என்பதை நம் விமரிசகர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை. வேலு கொன்ற காவல் ஆய்வாளர் கேல்கரின் மகன் அஜித். அக்குடும்பத்தைத் தாங்கியவர் வேலு; தகப்பனைக் கொன்றவரும் அவரே. தன்னை ஆதரித்த கை எதைச் செய்த கை என்பதறியாமல் பல்லாண்டு நம்பிய ஒருவன், அறிந்ததும் துப்பாக்கியை எடுக்கிறான். படத்தில் நம்பி மோசம்போனவன் என்று ஒருவனைக் காட்டச் சொன்னால் இவனைத்தான் காட்ட வேண்டும். ஆனால் திரைக்கதை அவனை மனவளர்ச்சி குன்றியவனாக ஆக்கி வைத்திருக்கிறது. அதாவது, நாயகனின் சோற்றைத் தின்றவன் நாயகனுக்கு எதிராகத் திரும்ப வேண்டுமென்றால் அவன் புத்தி தெளிந்தவனாக இருக்க இயலாது! தெளிந்த புத்தியோடு தந்தையைக் கேள்வி கேட்ட ஒரே பாத்திரமான மகள் சாருமதி வீட்டைவிட்டு வெளியேறியாக வேண்டியிருக்கிறது. ஒருத்திக்கு வெளியேற்றம், ஒருவனுக்குச் சித்தக் குறை. விசுவாசத்துக்கு வெளியே நிற்பவருக்கு இப்படம் ஒதுக்கும் இடங்கள் இவ்விரண்டே. பேரன் கேட்கும் புகழ்பெற்ற கேள்வியும், தாத்தா நல்லவரா கெட்டவரா என்பதுதான். நம்பத் தக்கவரா என்பதன்று. நல்லவர், கெட்டவர் என்ற கேள்விக்குத் தெரியவில்லை என்று கண்கலங்கித் தப்பிவிடலாம். நம்பத் தக்கவரா என்று அஜித் கேட்டிருந்தால் தப்பியிருக்க முடியாது.

நான்கே ஆண்டுகளில் வந்த 'தளபதி' (1991) இவ்வுணர்வைக் காவியமாக்கிற்று. கர்ணனும் துரியோதனனும் சூர்யாவும் தேவாவுமாகிறார்கள். பிறப்பின் உண்மை தெரிந்த பின்னும் சூர்யா நண்பனைவிட்டு அசைவதில்லை. செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லாட்சியைத் தமிழ்ப் பொதுமனத்தில் ஆழப் பதித்ததில் பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) படத்துக்குப் பெரும் பங்குண்டு. அதற்குப் பாட்டெழுதியவர் நம் மாவட்டத்துச் சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு. ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். சோறிட்டவன் செய்வது அநீதி என்று தெரிந்தும் அவனோடு நின்று மடிவதை உச்ச அறமாகக் கொண்டாடிய மரபு, சோறிட்டவனிடம் எதை எதிர்பார்த்தது? அவன் பக்கத்தில் கடன் ஏதும் இல்லையா?

இங்கே சொற்களைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. 'விசுவாசம்' வடமொழியில் நம்பிக்கை என்றே பொருள்படும். தமிழ்ப் பேச்சுவழக்கில் அது பொருள் மாறி, கீழிருப்பவன் மேலிருப்பவனுக்குக் காட்டும் பற்றாகிவிட்டது. நாய்க்கு உண்டு என்போம். வேலைக்காரனுக்கு வேண்டும் என்போம். முதலாளிக்கு உண்டா என்று எவரும் கேட்பதில்லை. வள்ளுவர் ஆண்ட சொல்லோ 'தெளிதல்'. ஒருவரை நம்பி ஏற்பதற்கு அவர் வைத்த பெயர் அது. ஐம்பத்தொன்றாம் அதிகாரத்தின் பெயரே 'தெரிந்து தெளிதல்'. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கினாலும் சோதித்த பின்னரே ஒருவனை நம்ப வேண்டும் என்று தொடங்கி, ஆராயாமல் நம்புவதும் நம்பிய பின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று முடிகிறது அவ்வதிகாரம். அங்கே நம்புதலும் தெளிவும் ஒரே சொல்லின் இரு முகங்கள். நம் மேடைகளோ செய்ந்நன்றியறிதலை ஓயாமல் ஓதும். பொருட்பாலுக்கு நகர்ந்து தெரிந்து தெளிதலைத் திறப்பது அரிது. தமிழ் கற்பிக்கும் நமக்கே இதில் பங்கு இருக்கிறது.

துரோகத்தை யோசிக்காமலிருக்க இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறோம். அதற்கு ஓர் ஆள்பெயரைச் சூட்டிவிடுவது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குப் பின் எட்டப்பன் என்பது ஒரு பாளையக்காரரின் பெயராக இல்லை, வசைச்சொல்லாகிவிட்டது. கும்பினியின் பீரங்கிக்கும் வரிக்கும் நடுவே தென்பாளையங்கள் ஏன் பிளந்தன, பழைய எல்லைத் தகராறுகள் என்ன செய்தன என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு பெயரோடு மூடப்படுகின்றன. சிவகங்கையிலும் 1801இல் கும்பினி, மருது சகோதரரை ஒடுக்கும் போக்கில் கௌரி வல்லப உடையத்தேவரைச் சீமைக்கு உரியவராக அறிவித்தது. பற்றுகள் இடம்பெயர்ந்தன, அவ்வாண்டு அக்டோபரில் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். எவர் யாரை எதனால் நம்பினார், எந்த இடத்தில் அது முறிந்தது என்று கேட்பவருக்கு இவ்வரலாறு ஒரு பாடநூல். துரோகி என்ற முத்திரையோடு நின்றுவிடுபவருக்கு அது ஒரு நாடக வசனம்.

செட்டிநாட்டில் வாழும் நமக்கு இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. கானாடுகாத்தானிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பெரிய வீடுகள் தமிழ்ப் படங்களில் எப்போதும் ஒரு 'பெரியவரின்' வீடாகவே வருகின்றன. வளவின் தூண்களுக்கிடையே ஏவலாட்கள் கைகட்டி நிற்பார்கள். விசுவாசத்தின் அரங்கம் அது. ஆனால் அவ்வீடுகளைக் கட்டிய பணம் விசுவாசத்தை நம்பி ஈட்டப்பட்டதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பிறர் முதலை வைத்துத் தொழில் நடத்தியவர்கள் நகரத்தார். ஊரிலிருந்த முதலாளி, கடலுக்கப்பால் இருந்த கடையை நேரில் காண்பதே அரிது. அங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்றாண்டுத் தவணைக்குக் கொண்டுவிற்கப் போகிறவருக்குச் சம்பளச்சீட்டு எழுதப்பட்டது. பேரேடு இருந்தது, ஐந்தொகை ஊருக்கு வந்தாக வேண்டும். போனவரும் அனுப்பியவரும் ஒன்பது நகரக்கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர்கள். பெண் கொடுத்து எடுத்தவர்கள். ஏமாற்றியவனுக்கு ஊர் திரும்ப முகம் இருக்காது. நம்பிக்கை அங்கே மனத்தின் நெகிழ்ச்சியாக இருக்கவில்லை. எழுதி, எண்ணி, சரிபார்த்துக் கட்டிய ஏற்பாடாக இருந்தது. சீட்டு எழுதச் சொன்னதால் எவரும் அவமானப்படவில்லை.

இதைப் பொற்காலமாகப் பாட நாம் வரவில்லை. அந்த நம்பிக்கை வட்டத்துக்குள் பர்மிய உழவர் இல்லை. 1930களின் பெருமந்தத்தில் விலை சரிந்து கடன் மூழ்க, கீழ்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து 1938க்குள் ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. நிலமிழந்தவரின் கண்ணில் அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செட்டியார்களும் தம் பங்குக்கு ஆங்கிலக் கொடியை நம்பினார்கள்; 1942இல் ஜப்பானியர் வந்தபோது அந்தக் கொடி அவர்களைக் காக்கவில்லை. எந்த ஏட்டிலும் எழுதப்படாத நம்பிக்கை அது ஒன்றே. முறிந்ததும் அதுவே.

இவ்வுலகம் இலக்கியத்தில் வந்திருக்கிறது. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நூலாக வெளிவந்த ஆண்டும் 1972தான். 'காட்ஃபாதர்' திரைக்கு வந்த அதே ஆண்டு. மெடானின் வட்டிக்கடை ஒழுங்கில் பழகிய பாண்டியன், போர் வந்து எல்லாச் சீட்டுகளையும் கிழித்துப் போட்டபின், எந்தக் கொடிக்கும் முழுதாக ஒப்புக்கொடுக்க முடியாதவனாக அலைகிறான். யாரை நம்புவது, எதுவரை நம்புவது என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் கணக்குப் பார்க்கும் தமிழன் ஒருவன் நம் புனைவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடமாடினான். ஆகவே இக்கேள்வி தமிழ் மண்ணுக்கு அந்நியம் என்ற சாக்கு செல்லாது. நம் திரைப்படம் வாசிக்கவில்லை, அவ்வளவே.

பின்னாளில் சிலர் கேட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். செல்வராகவனின் 'புதுப்பேட்டை'யில் (2006) தாலி எடுத்துக்கொடுக்க வந்த தலைவன் கொக்கி குமார், தன்னை நம்பியவனின் தங்கையைத் தானே கட்டிக்கொள்கிறான். மேலிருந்து கீழே இழைக்கப்படும் துரோகத்தை அவ்வளவு கூச்சமின்றி நம் படங்கள் அதுவரை காட்டியதில்லை. சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1980ஆம் ஆண்டு மதுரையில் வேலையற்ற இளைஞர்கள், கனகுவின் பேச்சை நம்பி அவன் அண்ணனுக்குக் கிட்டாத கட்சிப் பதவிக்காக ஒரு கொலை செய்கிறார்கள். சிறைக்குப் போனதும் அந்த வீடு அவர்களைக் கைகழுவுகிறது. அழகர் நம்பிய காதலே அவனைக் கொலைக்களத்துக்கு அழைத்து வருகிறது. பரமனை விலைக்கு விற்பவன் கூடவே திரிந்த காசி. வெற்றி மாறனின் 'வடசென்னை'யில் (2018) ராஜனை வெட்டுபவர்கள் அவன் வளர்த்த ஆட்களே. அவன் மனைவி சந்திரா கொன்றவர்களில் ஒருவனையே மணந்து, பழிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். கனகுவாகவும் 'வடசென்னை'யின் குணாவாகவும் நடித்தவர் ஒருவரே, சமுத்திரக்கனி. நம்பவைக்கும் முகம் எப்படியிருக்கும் என்று தமிழ்ப் படம் கண்டுகொண்டதன் அடையாளம் இது. தமிழின் காட்ஃபாதர் என்று ஒன்றைச் சுட்டியே தீர வேண்டுமென்றால் நாம் சுட்டுவது 'சுப்ரமணியபுர'த்தை. அதில் கோட்டும் இல்லை, மாளிகையும் இல்லை. பொருள் இருக்கிறது.

மணிரத்னமே 'செக்கச்சிவந்த வான'த்தில் (2018), வரதன் நம்பிய நண்பன் ரசூலைக் காவல்துறையின் ஆளாக வைத்து இப்பக்கம் வந்தார். 'தக் லைஃப்' (2025) படத்தில் உடன்பிறந்தவனும் வளர்ப்பு மகனும் தலைவனுக்கு எதிராகத் திரும்புகிறார்கள். ஆனால் படம் வீழ்த்தப்பட்ட தலைவனின் பழிவாங்கலாகச் சுருங்கிவிடுகிறது. துரோகம் வந்துவிட்டது, அது தலைவனுக்கு இழைக்கப்படும் ஒன்றாக மட்டுமே வந்திருக்கிறது. அவன் இழைத்தது என்ன என்ற ஏடு திறக்கப்படவில்லை.

சினிமாவில் என்ன இருந்தால் என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். சினிமாவோடு நின்றால் நமக்கும் வழக்கில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதி ஒன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். 18ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 122க்கு 11 என்ற கணக்கில் அரசு வென்றது. அதன் பெயர் நம்பிக்கை வாக்கெடுப்பு! அந்த நாட்களில் இரு அணியினரும் மேடைதோறும் வீசிய சொற்கள் இரண்டே: விசுவாசி, துரோகி. யாருக்கு விசுவாசி என்று கேட்டால் ஒரு தலைமையின் பெயர் வந்தது. வாக்களித்த தொகுதி என்று எவர் வாயிலும் வரவில்லை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும் கட்சிக் கொறடாவை மீறியவனின் பதவியைப் பறிக்கும். வாக்காளரை ஏய்த்தவனுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. மேல்நோக்கிய பற்றுக்குச் சட்டம் இருக்கிறது, கீழ்நோக்கிய பொறுப்புக்கு இல்லை. நாற்பதாண்டுகளாக வேலு நாயக்கருக்கும் தேவாவுக்கும் கண்ணீர் விட்டுப் பழகிய கண்களுக்கு இதில் எந்தக் கோணலும் தெரியாததில் வியப்பென்ன?

'நாயகன்' சிறந்த படமில்லை என்று நாம் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். பி. சி. ஸ்ரீராமின் ஒளியும், தோட்டா தரணி எழுப்பிய தாராவியும், கமல்ஹாசனின் உடலும் தேசிய விருதுகளுக்கு முற்றும் தகுதியானவை. அது ஒரு மகத்தான விசுவாசக் காவியம். அப்படியே அழைப்போம். இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றிக் 'காட்ஃபாதர்' என்று அழைப்பது, நாம் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டுவிட்டதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

அடுத்த முறை திரையில் ஓர் அடியாள் தலைவனுக்காக மார்பில் குண்டு வாங்கும்போது அரங்கு ஆர்ப்பரிக்கும். ஆர்ப்பரிக்கட்டும். ஆனால் அந்தத் தலைவன் அவனுக்கு என்ன எழுதிக் கொடுத்திருந்தான் என்று ஒருவராவது கேட்க வேண்டும். கடல் கடந்து அனுப்பிய பிள்ளைக்குச் சம்பளச்சீட்டு எழுதிக் கொடுத்த ஊர் இது. அந்தக் கேள்வியைக் கேட்க இங்கே யாருக்கும் வெட்கம் வேண்டியதில்லை.